நீலம் தெரிந்தது கீழே, ரத்தம் கசிந்தது மேலே

பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டாம் என்ற வேண்டுகோளுடன் ஒரு தாய் எழுதியிருக்கும் நீண்ட கடிதத்தின் சுருக்கம் இது.

24 நாள்களுக்கு முன் அவருக்கு முதல் குழந்தை பிறந்தது. ஆண் குழந்தை, எடை 4.1 கிலோ. கர்ப்பகாலத்தில் சர்க்கரை சற்றுக் கூடியிருந்ததால் உணவுக் கட்டுப்பாட்டில் இருந்திருக்கிறார். பிரசவத்தில் தலை வெளியே வந்த பின் தோள் சிக்கிக்கொண்டது. பிறந்ததும் குழந்தை அழவில்லை. சிறிது நேரம் மூச்சுக்கு உதவி தேவைப்பட்டது. 3-ஆம் நாள் விதைப்பையின் வலப்பக்கம் வீங்கி நீலம் பாரித்தது. விதை முறுக்கிக்கொண்டிருக்கலாம், உடனே அறுவை சிகிச்சை செய்ய வேண்டியிருக்கும் என்று சொல்லி ஒப்புதல் கையெழுத்தும் வாங்கிவிட்டார்கள். அதற்கு முன் எடுத்த டாப்ளர் ஸ்கேனில் இரண்டு விதைகளுக்கும் ரத்த ஓட்டம் சீராக இருந்தது. ஸ்கேன் செய்த மருத்துவர் கருவியை அப்படியே வயிற்றின் மேல்பக்கம் நகர்த்திப் பார்த்தபோது, வலது சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரினல் சுரப்பியில் 4.5 × 4 × 3.5 செ.மீ. அளவில் ஒரு கட்டி தெரிந்தது. அறுவை சிகிச்சை கைவிடப்பட்டது. மறுநாள் மஞ்சள் காமாலைக்குக் காரணமான பிலிருபின் நிறமி டெசிலிட்டருக்கு 18.2 மில்லிகிராமாக ஏறி, மூன்று நாள் ஒளிச் சிகிச்சை தரப்பட்டது. ஹீமோகுளோபின் 17.8-லிருந்து 15.2-ஆக இறங்கியது. 6-ஆம் நாள் எடுத்த கார்டிசோல் (அட்ரினல் சுரக்கும் ஸ்டீராய்டு ஹார்மோன்) அளவு 2.8 என்று வந்து, அதன் அருகே 'குறைவு' என்று அச்சிட்டிருந்தது. சோடியம், பொட்டாசியம், ரத்தச் சர்க்கரை, ரத்த அழுத்தம் எல்லாம் இயல்பு. 12-ஆம் நாள் ஸ்கேனில் கட்டி 3.6 செ.மீ. ஆகச் சுருங்கி, உள்ளே நீர்ப்பகுதிகள் தென்பட்டன. அறிக்கையின் கடைசி வரி: "ரத்தக்கசிவாக இருக்கக்கூடும், நியூரோபிளாஸ்டோமாவை (ஒருவகைப் புற்றுக்கட்டி) விலக்கத் தொடர் ஸ்கேனும் சிறுநீர்ப் பரிசோதனையும் தேவை."

அந்தச் சிறுநீர்ப் பரிசோதனை இன்னும் செய்யப்படவில்லை. அடுத்த ஸ்கேனுக்கு நாள் நெருங்குகிறது. அடிக்கடி ஸ்கேன் எடுத்தால் கதிர்வீச்சு பாதிக்கும் என்று மாமியார் தடுக்கிறார். கணவரின் அண்ணனோ, உடனே கட்டியிலிருந்து சதை எடுத்துப் பரிசோதிக்க வேண்டும் என்கிறார். "ஒரே வாரத்தில் மூன்று நோய் வந்த குழந்தை பிழைக்குமா? ஆயுள் முழுக்க ஸ்டீராய்டு கொடுக்க வேண்டுமா? நான் சர்க்கரையைச் சரியாகக் கட்டுப்படுத்தாததுதான் காரணமா?" என்று கேட்டிருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் நான் தேடிய வரி கடைசிப் பக்கத்தில்தான் இருந்தது: குழந்தை நன்றாகப் பால் குடிக்கிறான், 3.8 கிலோவுக்கு இறங்கிய எடை 22-ஆம் நாள் 4.35 கிலோ ஆகியிருக்கிறது. நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்ட இந்தச் செய்தி, அட்ரினல் ரத்தக்கசிவு உள்ள குழந்தையைப் பற்றி ஒரு மருத்துவர் முதலில் கேட்க விரும்பும் செய்தி. நீங்கள் அனுப்பிய அறிக்கைகளையும் இந்த எடையையும் சேர்த்துப் பார்க்கும்போது, உங்கள் மகன் தேறிவரும் பாதையில் இருக்கிறான் என்றே நினைக்கிறேன். குழந்தையை நேரில் பார்க்காமல் எழுதுகிறேன் என்பதால், நான் சொல்வதை உங்கள் குழந்தை மருத்துவரிடம் காட்டிப் பேசிக்கொள்ளுங்கள்.

மூன்று நோய்கள் அல்ல, ஒன்றே

விதைப்பை நீலம், மஞ்சள் காமாலை, ரத்தம் குறைந்தது ஆகிய மூன்றையும் தனித்தனி நோய்களாக எண்ணி நீங்கள் கலங்கியிருக்கிறீர்கள். மூன்றும் ஒரே இடத்திலிருந்து கிளம்பியவை.

சிறுநீரகத்தின் தலைமேல் தொப்பிபோல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி, பெரியவர்களிடம் சிறுநீரகத்தின் முப்பதில் ஒரு பங்கு அளவே இருக்கும். பிறந்த குழந்தையிடமோ அது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. கருவில் இருக்கும்போது, தாயின் நஞ்சுக்கொடி ஈஸ்ட்ரோஜன் தயாரிப்பதற்கான மூலப்பொருளைத் தருவதற்கென்றே இந்தச் சுரப்பியில் ஓர் அகன்ற பகுதி வளர்ந்திருக்கிறது. பிறந்தபின் அதற்கு வேலையில்லாததால் சில வாரங்களில் அது கரைந்து, சுரப்பியே சுருங்கிவிடும். அந்தக் குறுகிய காலத்தில் அது பெரியதாகவும், ரத்தம் நிறைந்ததாகவும், எளிதில் கசியக்கூடியதாகவும் இருக்கிறது. மூன்று வழிகளில் தமனி ரத்தம் உள்ளே வருகிறது. வெளியேற ஒரே ஒரு முதன்மைச் சிரைதான். பிரசவத்தில் மூச்சுத் திணறும்போது உடல் தன் ரத்தத்தை மூளைக்கும் இதயத்துக்கும் அட்ரினலுக்கும் முன்னுரிமை தந்து அனுப்புகிறது. அதே நேரத்தில் வயிறு அழுத்தப்பட்டால் வெளியேறும் வழியில் தடை ஏற்படுகிறது. வலப்பக்கச் சுரப்பி கல்லீரலுக்கும் முதுகெலும்புக்கும் நடுவே இருப்பதாலும், அதன் சிரை மிகக் குட்டையாக நேரே பெருஞ்சிரையில் சேர்வதாலும், இந்தக் கசிவுகளில் ஏறத்தாழ 10-க்கு 7 வலப்பக்கத்தில் நேர்கின்றன. இருபக்கமும் சேர்ந்து நேர்வது 10-க்கு ஒன்றோ அதற்கும் குறைவோதான்.

கசிந்த ரத்தம் அங்கேயே தேங்கி நின்றால் வெளியில் ஒன்றும் தெரியாது. பல குழந்தைகளுக்கு அப்படித்தான் வந்து, யாருக்கும் தெரியாமலே போய்விடுகிறது. வேறு காரணத்துக்காக வயிற்றை ஸ்கேன் செய்யும்போது தற்செயலாகக் கண்டுபிடிப்பதும் உண்டு. உங்கள் மகனுக்கு அது சுரப்பியின் உறையைத் தாண்டி, வயிற்றின் பின்சுவரை ஒட்டிக் கீழே இறங்கியிருக்கிறது. விதைகள் கருவில் வயிற்றுக்குள் தோன்றி, பிறப்பதற்கு முன் இடுப்பு மடிப்பு வழியாகக் கீழே இறங்குகின்றன. அவை இறங்கிய தடம் பிறந்த குழந்தைகள் பலரிடம் முழுதாக மூடியிருக்காது. அந்தத் தடத்தில் ரத்தம் வழிந்து விதைப்பையில் தேங்கினால், மேலே நடந்த சம்பவத்தின் அடையாளம் கீழே நீலமாகத் தெரிகிறது. சில குழந்தைகளுக்கு இதே நீலம் இடுப்பு மடிப்பிலோ, விலாவுக்குக் கீழேயோ தெரியலாம்.

மஞ்சள் காமாலையின் கணக்கும் இதிலிருந்தே வருகிறது. உங்கள் மகனின் கட்டியின் மூன்று அளவுகளையும் வைத்துக் கணக்கிட்டால் அதன் கொள்ளளவு சுமார் 33 மில்லி. அது முழுவதும் ரத்தமென்று வைத்துக்கொண்டால், அதில் 5 கிராமுக்கு மேல் ஹீமோகுளோபின் இருக்கும். ஒரு கிராம் ஹீமோகுளோபின் சிதைந்தால் சுமார் 35 மில்லிகிராம் பிலிருபின் உண்டாகிறது. ஆக, அந்தக் கட்டி கரைந்து முடிவதற்குள் 190 மில்லிகிராம் அளவுக்குக் கூடுதல் பிலிருபினைக் குழந்தையின் கல்லீரல் கையாள வேண்டும். அவன் எடையுள்ள குழந்தையிடம் இயல்பாக ஒரு வாரத்தில் உண்டாகும் அளவுக்கு அது சமம். பிறந்த புதிதில் இன்னும் முழுத்திறன் பெறாத கல்லீரல் திணறியதால்தான் மஞ்சள் ஏறியது. உங்கள் பாலுக்கு இதில் பங்கில்லை. பாலை நிறுத்திப் பார்க்கும்படி யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அடிக்கடி பால் குடித்து அடிக்கடி மலம் கழிப்பதுதான் பிலிருபின் வெளியேறும் வழி.

33 மில்லி என்பது கேட்பதற்குச் சிறியதாக இருக்கலாம். 4.1 கிலோ குழந்தையின் உடலில் மொத்த ரத்தமே சுமார் 350 மில்லிதான். பெரியவர் ஒருவர் அரை லிட்டர் ரத்தம் இழப்பதற்கு ஒப்பானது இது. ஹீமோகுளோபின் இறங்கியதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்: எல்லாக் குழந்தைகளுக்குமே 8 முதல் 12 வாரத்துக்குள் ஹீமோகுளோபின் இயல்பாகவே 9 முதல் 11 வரை இறங்கும். அப்போது பரிசோதித்து எண்ணைப் பார்த்ததும் மறுபடி கசிகிறதோ என்று பதறிவிடாதீர்கள். ஸ்கேனில் கட்டி சுருங்கிக்கொண்டே வந்தால் அது புதுக் கசிவு அல்ல.

நான் பயிற்சி மருத்துவராக இருந்த காலத்தில், மஞ்சள் குறைந்து வீட்டுக்குப் போன ஒரு குழந்தை நான்காம் நாளே மறுபடி மஞ்சளோடு திரும்பி வந்தது. ரத்தப் பிரிவு பொருத்தம், நொதிக் குறைபாடு, தொற்று என்று எல்லாவற்றுக்கும் பரிசோதனைகள் எழுதினேன். வயிற்றைக் கவனமாகத் தொட்டுப் பார்க்கவில்லை. என் மூத்த மருத்துவர் வந்து, வலது விலாவுக்குக் கீழே விரலை வைத்துவிட்டு என்னையும் வைக்கச் சொன்னார். கட்டி அங்கேயே இருந்தது. காரணம் புரியாத மஞ்சளோ, காரணம் புரியாத வெளிறலோ கண்ட ஒவ்வொரு குழந்தைக்கும் அன்றிலிருந்து வயிற்று ஸ்கேன் கேட்டுவருகிறேன். உங்கள் மகனின் ஸ்கேனில் கருவியை மேலே நகர்த்திப் பார்த்த அந்த மருத்துவருக்கு நீங்கள் நன்றி சொல்லலாம். குழந்தைக்கு ஒரு மயக்க மருந்தும் ஒரு வெட்டும் மிச்சமாயின.

அறுவை சிகிச்சைக்குக் கையெழுத்து வாங்கியது தவறா?

முதலில் பார்த்த அறுவை மருத்துவர்மீது உங்களுக்குக் கோபம் இருக்கிறது. "இல்லாத நோய்க்குக் கத்தி வைக்கப் பார்த்தார்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வேதனை எனக்குப் புரிகிறது. ஆனால் இந்த முடிவோடு என்னால் உடன்பட இயலவில்லை.

பச்சிளங்குழந்தையின் விதைப்பை நீலமாக வீங்கினால் முதலில் நினைக்க வேண்டியது விதை முறுக்கைத்தான். பிறந்தபின் முறுக்கிக்கொண்ட விதையைக் காப்பாற்றக் கிடைப்பவை சில மணி நேரங்களே. தாமதித்தால் விதை இறந்துவிடும். அவ்வளவு சிறிய உறுப்பில் டாப்ளர் ரத்த ஓட்டத்தைக் காண்பதும் எளிதல்ல. ஓட்டம் தெளிவாகத் தெரியாவிட்டால் திறந்து பார்ப்பதே பாதுகாப்பான முடிவு. உங்கள் மருத்துவர் ஒப்புதலை வாங்கி வைத்துக்கொண்டு, ஸ்கேனுக்கும் அனுப்பி, ஸ்கேன் வேறு விடை சொன்னதும் அறுவையைக் கைவிட்டார். இந்த வரிசை சரியானது. நோய் மாறியது என்பதற்காக அவருடைய அவசரத்தைத் தவறென்று சொல்ல முடியாது. அதே வேளையில், அந்தப் பதற்றமான நேரத்தில் யாரும் உங்களை உட்காரவைத்து விளக்காமல் தாளை நீட்டினார்கள் என்று எழுதியிருப்பது நியாயமான குறை. அதை அந்த மருத்துவமனையில் எழுத்தில் தெரிவிக்க உங்களுக்கு உரிமை உண்டு. எதற்குக் கையெழுத்துப் போடுகிறீர்கள், போடாவிட்டால் என்ன ஆகும் என்பதை உங்களுக்குப் புரியும் சொற்களில் கேட்டறிவது, அவசரத்திலும் உங்களுக்குரியது.

அந்தக் கட்டி புற்றுநோயா?

உங்கள் வீட்டில் மாமியாரும் கணவரின் அண்ணனும் இரு துருவங்களாக நிற்பது இந்தக் கேள்வியில்தான். இருவரும் குழந்தையின் மேலுள்ள அக்கறையால்தான் அப்படிப் பேசுகிறார்கள். இருவர் சொல்வதிலும் திருத்த வேண்டியது உண்டு.

நியூரோபிளாஸ்டோமா என்பது அட்ரினலின் உட்பகுதியிலும் நரம்பு முடிச்சுகளிலும் தோன்றும் கட்டி. பச்சிளங்குழந்தைகளிடம் காணப்படும் புற்றுநோய்களில் முதன்மையானது. முதல் ஸ்கேனில் புதிய ரத்தக்கட்டி கெட்டியான கட்டிபோலவே தெரியும் என்பதால், இரண்டையும் ஒரே ஸ்கேனில் பிரித்தறிய முடியாமல் போகலாம். நாள் செல்லச் செல்ல வேறுபாடு வெளிப்படும். ரத்தக்கட்டி ஒன்றிரண்டு வாரங்களில் உள்ளுக்குள் நீர்த்து, சுருங்கி, சில வேளை ஓரத்தில் சுண்ணாம்புப் படிவு தோன்றி, சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் மறையும். அதன் உள்ளே ரத்த ஓட்டம் இருக்காது. நியூரோபிளாஸ்டோமா அப்படியே நிற்கலாம், வளரலாம், உள்ளே ரத்த ஓட்டத்தைக் காட்டலாம். உங்கள் மகனின் கட்டி ஒன்பதே நாளில் 4.5-லிருந்து 3.6 செ.மீ. ஆனதும், நீர்ப்பகுதிகள் தோன்றியதும், உள்ளே ரத்த ஓட்டம் இல்லை என்று இரண்டு அறிக்கைகளும் சொல்வதும் ரத்தக்கசிவின் பக்கமே சாய்கின்றன. பிரசவத்தில் தோள் சிக்கியது, மூச்சுத் திணறியது, எடை கூடுதல் ஆகிய பின்னணியும் அதற்கே பொருந்துகிறது.

அப்படியானால் அறிக்கையில் அந்தக் கடைசி வரி எதற்கு என்று கேட்கலாம். நியூரோபிளாஸ்டோமாவுக்குள்ளேயே ரத்தம் கசிவது அரிதாக உண்டு. அப்போது கட்டி கொஞ்சம் சுருங்கிவிட்டு, பிறகு மிச்சம் நின்றுவிடும். ஆகவே 'சுருங்குகிறது' என்பதோடு நிறுத்தாமல், 'மறைந்தது' அல்லது 'சிறு சுண்ணாம்புத் தடம் மட்டும் எஞ்சியது' என்னும் வரை பின்தொடர்வது அவசியம். பெற்றோர் பலர் குழந்தை தேறியதும் மூன்றாவது ஸ்கேனைத் தவிர்த்துவிடுகிறார்கள். நீங்கள் அதைச் செய்யாதீர்கள்.

மாமியாரிடம் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள்: அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் கதிர்வீச்சே கிடையாது. அது ஒலி அலை. கருவில் இவன் இருந்தபோது எடுத்த ஸ்கேன்களும் அதே வகைதான். அவர் அஞ்சும் கதிர்வீச்சு சி.டி. ஸ்கேனில் உண்டு, இப்போது அது தேவையில்லை என்பதால் அந்த அச்சத்துக்கு இடமே இல்லை.

சதை எடுத்துப் பரிசோதிப்பதை இப்போது நான் பரிந்துரைக்க மாட்டேன். ரத்தம் கசிந்து ஆறிக்கொண்டிருக்கும் உறுப்பில் ஊசியைச் செலுத்துவது மறுபடி கசிய வைக்கக்கூடும். அதனால் கிடைக்கும் பலனோ குறைவு. இதற்கு உறுதியான ஆதாரமும் இருக்கிறது. ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளிடம் அட்ரினலில் கண்டறியப்பட்ட சிறிய கட்டிகளை, அவை நியூரோபிளாஸ்டோமாவாகவே இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தும், அறுவை செய்யாமல் கண்காணித்துப் பார்த்த ஆய்வொன்றை சில்ட்ரன்ஸ் ஆன்காலஜி குரூப் என்னும் குழந்தைப் புற்றுநோய் ஆய்வுக் கூட்டமைப்பு நடத்தி 2012-இல் வெளியிட்டது. கண்காணிப்பைத் தேர்ந்தெடுத்தவர்கள் 83 குழந்தைகள். மூன்று ஆண்டு முடிவில் அனைவரும் உயிரோடு இருந்தார்கள். அவர்களில் 5-க்கு 4 பேருக்கு அறுவையே தேவைப்படவில்லை. இந்த வயதில் உண்மையான நியூரோபிளாஸ்டோமாவும் தானாகவே சுருங்குவது உண்டு. ஆகவே சில வாரம் காத்திருப்பதால் நீங்கள் வாய்ப்பை இழந்துவிட மாட்டீர்கள். இந்தச் செய்தியைக் கணவரின் அண்ணனிடம் காட்டுங்கள். அவருடைய அவசரம் தணியும் என்று நம்புகிறேன்.

அவர் சொல்வதில் ஏற்க வேண்டிய பகுதி, எதுவும் செய்யாமல் விட்டுவிடக் கூடாது என்பது. விடுபட்ட சிறுநீர்ப் பரிசோதனையை இந்த வாரமே செய்யுங்கள். வி.எம்.ஏ., எச்.வி.ஏ. என்ற இரு பொருள்களின் அளவைப் பார்ப்பார்கள். பையை ஒட்டிச் சிறுநீர் சேகரித்தாலே போதும், குழந்தைக்கு வலி இல்லை. கூடுதலாக இருந்தால் புற்றுநோய்ச் சந்தேகம் வலுக்கும். இயல்பாக இருந்தால் நிம்மதி கூடும், ஆனால் அதை மட்டும் நம்பி ஸ்கேனை நிறுத்த முடியாது. பச்சிளங்குழந்தைகளின் நியூரோபிளாஸ்டோமா சில வேளை இவற்றைச் சுரப்பதில்லை.

அடுத்த ஸ்கேனைக் குறித்த நாளில், இயன்றால் அதே இடத்தில், மூன்று அளவுகளையும் எழுதித் தரும்படி கேட்டு எடுங்கள். நீளத்தை மட்டும் ஒப்பிட்டால் ஏமாறலாம். சுருங்கியிருந்தால் அடுத்தது 6 வாரம் வாக்கில், பிறகு 3-ஆம் மாதம் என்று இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போகலாம். சுருங்காமல் நின்றாலோ, வளர்ந்தாலோ, உள்ளே ரத்த ஓட்டம் தோன்றினாலோ, சிறுநீர் அளவு கூடியிருந்தாலோ எம்.ஆர்.ஐ. எடுப்பதும் குழந்தைப் புற்றுநோய் மருத்துவரைப் பார்ப்பதும் அடுத்த படி. எம்.ஆர்.ஐ.யிலும் கதிர்வீச்சு இல்லை. இந்த வயதில் பால் கொடுத்து, துணியில் சுற்றித் தூங்கவைத்தே பெரும்பாலும் எடுத்துவிட முடியும். எல்லா அறிக்கைகளின் படிகளும் ஸ்கேன் படங்களும் உங்களிடம் இருக்கட்டும். இரண்டாவது கருத்துக் கேட்பதை எந்த நல்ல மருத்துவரும் அவமதிப்பாக எண்ண மாட்டார்.

கார்டிசோல் 2.8 என்ற எண்

அறிக்கையில் 'குறைவு' என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து இரவெல்லாம் தூங்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அந்தச் சொல், பெரியவர்களின் காலை நேர அளவோடு ஒப்பிட்டு இயந்திரம் அச்சிட்ட சொல். காலையில் கூடி இரவில் குறையும் ஒழுங்கு பச்சிளங்குழந்தைகளின் கார்டிசோலுக்கு இன்னும் ஏற்பட்டிருக்காது. நலமான குழந்தைகளிடமும் ஏதோ ஒரு நேரத்தில் எடுத்தால் இப்படிக் குறைந்த எண் வரலாம். ஒற்றை எண்ணை வைத்து நோய் என்று தீர்மானிக்க முடியாது.

அட்ரினல் பற்றாக்குறை வெளிப்பட, இரு பக்கமும் சேர்த்துச் சுரப்பித் திசுவில் 10-இல் 9 பங்குக்கு மேல் அழிந்திருக்க வேண்டும். உங்கள் மகனின் இடது அட்ரினல் இயல்பாக இருப்பதாக இரண்டு ஸ்கேன்களும் சொல்கின்றன. பற்றாக்குறை இருந்தால் சோடியம் இறங்கும், பொட்டாசியம் ஏறும், சர்க்கரை இறங்கும், எடை ஏறாது. அவனிடம் இவற்றில் ஒன்றுகூட இல்லை. ஆகவே ஆயுள் முழுக்க ஸ்டீராய்டு என்ற பேச்சுக்கு இப்போது அடிப்படையே இல்லை. முன்னெச்சரிக்கை என்று சொல்லித் தேவையில்லாத ஸ்டீராய்டு கொடுத்தால், நலமாக உள்ள இடது சுரப்பியையும் அது மந்தமாக்கிவிடும். உங்கள் மருத்துவருக்கு ஐயம் நீடித்தால், சுரப்பியைத் தூண்டும் மருந்தை ஊசியாகப் போட்டு, 30, 60 நிமிடங்களில் கார்டிசோல் எவ்வளவு ஏறுகிறது என்று பார்க்கும் தூண்டல் பரிசோதனை இருக்கிறது. அதுவே நம்பத்தக்க விடை.

இணையத்தில் நீங்கள் படித்த வாட்டர்ஹவுஸ்–ஃபிரிடெரிக்சன் நோய்க்குறியைப் பற்றியும் ஒரு சொல். 1911-இல் வாட்டர்ஹவுஸும் 1918-இல் ஃபிரிடெரிக்சனும் விவரித்த அது, மெனிங்கோகாக்கஸ் போன்ற கிருமி ரத்தத்தில் பரவி, உடல் முழுதும் செந்நீலப் புள்ளிகள் தோன்றி, இரு அட்ரினல்களும் ஒரே நேரத்தில் கசியும் கடும் தொற்று. உங்கள் மகனுக்கு நேர்ந்ததற்கும் அதற்கும் 'அட்ரினல்', 'ரத்தக்கசிவு' என்ற சொற்களைத் தவிர ஒற்றுமை இல்லை. அந்தப் பக்கத்தை மறுபடி திறக்காதீர்கள்.

கேட்கப்படாத ஒரு கேள்வியை நானே கேட்கிறேன். பிறந்த உடன், ரத்தம் உறைய உதவும் வைட்டமின் கே ஊசி போட்டார்களா என்பது உங்கள் கடிதத்தில் இல்லை. தட்டணுக்களின் எண்ணிக்கையும் ரத்தம் உறையும் நேரமும் பார்க்கப்பட்டனவா என்பதும் இல்லை. வீட்டுக்கு அனுப்பும்போது மருத்துவமனை தந்த குறிப்பில் (டிஸ்சார்ஜ் சம்மரி) தேடிப் பாருங்கள். இல்லாவிட்டால் மருத்துவரிடம் கேளுங்கள். உங்கள் உடன்பிறந்த ஆண்களிலோ, தாய்மாமன்களிலோ யாருக்காவது சிறு காயத்திலும் ரத்தம் நிற்காத இயல்பு இருந்திருந்தால் அதை அவசியம் சொல்லுங்கள். ஹீமோஃபிலியா தாய்வழியாக ஆண் குழந்தைகளுக்கு வரும் குறைபாடு. ரத்தம் உறைவதில் குறை இல்லையென்றால் தடுப்பூசிகளை உரிய காலத்திலேயே போடலாம்.

இரவென்றும் பாராமல் கிளம்ப வேண்டிய அறிகுறிகள்

கசிவு பெரும்பாலும் பிறந்த முதல் சில நாள்களிலேயே நின்றுவிடும். ஆனாலும் அடுத்த சில வாரங்களுக்கு இவற்றில் ஒன்றைக் கண்டால் காத்திருக்காதீர்கள்:

– தொடர்ந்து இரண்டு வேளை பால் குடிக்க மறுத்து, எழுப்பினாலும் எழாமல் சோர்ந்து கிடப்பது. அட்ரினல் பற்றாக்குறையோ, சர்க்கரை இறக்கமோ, தொற்றோ எதுவானாலும் இந்த வயதில் முதலில் இப்படித்தான் தெரியும்.
– திரும்பத் திரும்ப வாந்தி, அதிலும் பச்சை நிறத்தில்; வயிறு உப்பி, மலம் போகாமல் இருப்பது. பெரிய கசிவு குடலின் இயக்கத்தை நிறுத்திவிடக்கூடும்.
– 38 டிகிரி செல்சியஸோ அதற்கு மேலோ காய்ச்சல். தேங்கிய ரத்தத்தில் கிருமி புகுந்து சீழ்க்கட்டியாவது அரிது. ஆனால் ஒரு மாதக் குழந்தைக்குக் காய்ச்சல் எதனால் வந்தாலும் அன்றே பார்க்க வேண்டும்.
– திடீர் வெளிறல், உடல் சில்லிடுதல், வலிப்பு, மூச்சு வாங்குதல்.
– விதைப்பை மறுபடி வீங்குவது. முன்பு அட்ரினல் ரத்தம் என்று தெரிந்ததால் இதுவும் அதுதான் என்று வீட்டிலேயே முடிவு செய்துவிடாதீர்கள். விதை முறுக்கோ குடலிறக்கமோ இவனுக்கும் வரலாம்.

பழைய நீலம் பச்சையாகி, மஞ்சளாகி மங்குவது ஆறுவதன் அடையாளம். அதற்குப் பயப்பட வேண்டாம். ஒவ்வொரு மருத்துவச் சந்திப்பிலும் ரத்த அழுத்தத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். கட்டி சிறுநீரகத்தை அழுத்தினால் அழுத்தம் ஏறுவதுண்டு, அதை வெளியிலிருந்து கண்ணால் கண்டுபிடிக்க முடியாது.

உங்கள் குற்றவுணர்வு, அடுத்த பிரசவம்

சர்க்கரையைக் கட்டுப்படுத்தாத பாவம் என்று உங்களையே தண்டித்துக்கொள்கிறீர்கள். தாய்க்குச் சர்க்கரை இருப்பது, குழந்தையின் எடை கூடுவது, தோள் சிக்குவது, மூச்சுத் திணறுவது ஆகியவை இந்தக் கசிவோடு சேர்ந்து காணப்படுபவை என்பது உண்மை. ஆனால் நீங்கள் உணவுக் கட்டுப்பாட்டில் இருந்தீர்கள், அளவுகளைக் குறித்து வைத்தீர்கள். அவ்வளவும் செய்த தாய்மார்களுக்கும் பெரிய குழந்தை பிறக்கிறது. சிசேரியனில் பிறந்த குழந்தைகளிடமும், எந்தச் சிக்கலும் இல்லாமல் பிறந்த குழந்தைகளிடமும், ஏன், பிறப்பதற்கு முன் கருவிலேயே எடுத்த ஸ்கேனிலும் அட்ரினல் ரத்தக்கசிவு கண்டறியப்பட்டிருக்கிறது. உங்கள் தவறு என்று காட்டக்கூடிய எதுவும் உங்கள் கடிதத்தில் இல்லை.

இதே காரணத்தால், "இனி சிசேரியன்தான்" என்று இப்போதே முடிவெடுக்க வேண்டியதில்லை. ஒருமுறை தோள் சிக்கிய தாய்க்கு அடுத்த பிரசவத்திலும் அது நேரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல். ஆகவே அடுத்த கர்ப்பத்தில் இந்த வரலாற்றை முதல் சந்திப்பிலேயே சொல்லி, சர்க்கரையைத் தொடக்கத்திலேயே பரிசோதித்து, கடைசி மாதத்தில் குழந்தையின் எடை மதிப்பீட்டையும் வைத்து மகப்பேறு மருத்துவருடன் சேர்ந்து முடிவு செய்யுங்கள். அதற்கு முன் உங்களுக்காக ஒன்று: பிரசவமாகி 12 வாரத்துக்குள் 75 கிராம் குளுக்கோஸ் குடித்துச் செய்யும் பரிசோதனையை முடித்துவிடுங்கள். குழந்தையின் ஸ்கேன்களுக்கு அலையும் வேகத்தில் தாய்மார்கள் தவறவிடுவது இதைத்தான்.

கடைசியாக, அவனைத் தூக்கவே பயமாக இருக்கிறது, வயிற்றில் கை பட்டால் கட்டி உடைந்துவிடுமோ என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாகத் தூக்குங்கள், குளிப்பாட்டுங்கள், தோளில் சாய்த்து ஏப்பம் விடவையுங்கள். விழித்திருக்கும்போது உங்கள் மார்பின்மேல் குப்புறக் கிடத்திக்கொள்ளுங்கள், தூங்கும்போது மட்டும் மல்லாக்கப் படுக்கவையுங்கள். வயிற்றை அழுத்தித் தேய்த்துவிடுவதைக் கட்டி மறையும் வரை தவிர்த்தால் போதும்.